பாங்குக்கு எத்தனை மூச்சு

ஜூன் 12, வியாழன்

இல்லை, அழவில்லை. மூச்சு வாங்கினார். அவ்வளவுதான்.

ஒரே நாளில் மூன்று பேருக்கு இதே பதில். கடைசியாகக் கேட்டவர் பக்கத்து வீட்டு அஸீமா மாமி. மதிலுக்கு மேலால் தலை மட்டும் தெரிந்தது.

"அஸர் பாங்குல ஒங்கட வாப்பா அழுதாரு தானே ருஷ்தா? எனக்கும் கண்ணு கலங்கிட்டு."

ஊரே அப்படித்தான் நினைக்கிறது போலிருக்கிறது. ஒலிபெருக்கியில் ஒருவர் 'ஹய்ய அலல் ஃபலாஹ்' என்று நீட்டி, நடுவில் உடைந்து, ஒரு கணம் நின்று, மீதியைச் சொன்னால் அழுகை என்றுதான் தோன்றும். எனக்கு அந்த இடைவெளிக்குள் வேறொரு சத்தம் கேட்டது. காற்றை இழுக்கும் சத்தம்.

வாப்பா எங்கள் சந்துப் பள்ளிவாசலின் மோதினார். இருபத்திரண்டு வருடமாக ஐந்து வேளையும் பாங்கு சொல்லித் தொழுகைக்கு அழைப்பவர். எனக்குத் தெரிந்ததை எனக்கே ஏன் எழுதுகிறேன்? தெரியவில்லை. எழுதிப் பார்க்க வேண்டும் போலிருந்தது. வேறு எதையும் பெரிதாக ஆசைப்படாத மனிதர். இந்த ஒன்று போனால் அவரிடம் என்ன மிஞ்சும்?

ஜூன் 13, வெள்ளி

எண்ணினேன். ஒழுங்கான நாளில் ஒரு பாங்குக்குப் பன்னிரண்டு மூச்சு. விடியற்காலை சுபஹுக்கு மட்டும் இரண்டு வசனம் கூட, ஆகவே பதினான்கு. பிறந்ததிலிருந்து கேட்கிறேன். விரல் விட்டு எண்ணியது இன்றுதான்.

இன்று பின்னேரம் அஸருக்குப் பதினேழு.

ஜூன் 16

சுபஹ் 14. லுஹர் 12. அஸர் 18. மஃரிப் 17.

காலையில் இருக்கும் மூச்சு பின்னேரத்துக்குள் எங்கே போகிறது?

ஜூன் 19

டொக்டர் வாப்பாவின் முதுகில் குழாயை வைத்துக் கேட்டார். "வீசிங். இந்த மழைக்கு எல்லாருக்கும் தான்." வாயில் அடிக்க நீல நிறத்தில் ஒரு பம்ப் கொடுத்தார். வாப்பா அதைச் சட்டைப் பையில் போட வெட்கப்பட்டு, தொப்பியைக் கழற்றி அதற்குள் வைத்து மடித்துக்கொண்டு பஸ் ஏறினார்.

உம்மா பம்ப்பைப் பார்த்தார். பிறகு நெல் வாளியைப் பார்த்தார்.

பள்ளிவாசல் மினாராக் கோபுரத்தில் புறாக்கள் நிறைய. என் உயர்தரப் பரீட்சைக்கு உம்மா ஒரு நேர்ச்சை வைத்தார்: பிள்ளை பாஸானால் பள்ளிப் புறாக்களுக்குத் தினம் ஒரு சுண்டு நெல். பிள்ளை பாஸானாள். பேராதனைக்குப் போய்த் தத்துவம் படித்தாள். இப்போது கட்டுகஸ்தோட்டையில் ஓர் அச்சகத்தில் கல்யாணக் கார்டுகளின் மூலைக்குப் பூ வைக்கிறாள். நெல் மட்டும் நிற்கவில்லை. தினமும் சுபஹ் முடிந்ததும் வாப்பா மேல்மாடிக்குக் கொண்டுபோய்ப் போட்டு, அங்கே கூட்டிவிட்டும் வருவார்.

"நாளேலீந்து ரெண்டு சுண்டு போடுங்க," என்றார் உம்மா. "ஒங்கட நெஞ்சுக்கு ஸதகா தர்மமா ஈக்கட்டும்."

"திண்டு திண்டு புறாக்கும் வீசிங் வரப்போகுது."

வாப்பா இன்னும் பகிடி விடுகிறார். நல்லது.

ஜூன் 27, வெள்ளி

ஜும்ஆவுக்குப் பிறகு நஸீப் ஹாஜியார் வீட்டுக்கு வந்தார். பள்ளி நிர்வாகத்தின் தலைவர். மோதினாரை மாற்றப் போகிறார்களோ என்று எனக்குப் பயம். வாப்பாவுக்கும் அதே பயம். அவர் கதிரையின் நுனியில் உட்கார்ந்திருந்த விதத்தில் தெரிந்தது.

ஹாஜியார் வந்தது உபகாரம் செய்ய.

"ஹலீம் நானா, ஒவ்வொரு வக்துக்கும் எனத்துக்கு இந்த ஏத்தம் ஏறி எறங்குற? மைக் ரூம்ல ஒரு கட்டில் போடச் செல்லீக்கிறன். சுபஹ்லீந்து இஷா மட்டுக்கும் அங்கேயே சாஞ்சிட்டு ஈங்க. பாங்குக்கு எழும்பினாப் போதும்."

மைக் அறை பள்ளியின் மேல்மாடியில், மினாராவுக்கு நேர் அடியில். வாப்பா நன்றி சொல்ல இரண்டு மூச்சு எடுத்தார். ஹாஜியார் போனதும் உம்மா தலையணைக்குப் புது வெள்ளை உறை போட்டுக் கொடுத்தார். எனக்கும் நெஞ்சு இளகியது. நல்ல ஊர் இது. யாரையும் இலேசில் கைவிடாது.

ஜூலை 3

அஸர் 20.

அந்தி மஃரிப் பாங்கை வாப்பா சொல்லவில்லை. ரிஸ்மி சொன்னான். வயரிங் வேலை செய்கிறவன், வாப்பாவுக்கு முடியாத நேரங்களில் அவன்தான். நான் அடுப்படியில் நின்றேன். அந்நியக் குரல்.

வாப்பா வந்தார். காய்ச்சல். இருமல். உதடு ஒரு மாதிரி நீலம்.

என்னதான் நடக்குது இந்த மனுசனுக்கு? படுத்திருக்கப் படுத்திருக்கக் கூடுதே. பம்ப் அடிச்சா ஒண்டும் இல்ல, ஆவி புடிச்சா ஒண்டும் இல்ல. ஓய்வு எடுக்கிற ஆளுக்கு எப்பிடிக் கூடும்? யா அல்லாஹ் — எப்பிடி?

யசோதினியை அழைத்தேன். கலஹா ஊர்க்காரி, பேராதனையில் மூன்று வருடம் என் அறைத்தோழி. அவள் படித்தது விஞ்ஞானம். இப்போது பெரியாஸ்பத்திரியில் நெஞ்சுப் பிரிவில் மூச்சுப் பரிசோதனை செய்கிறாள்.

"நீ ஒருத்தி! மூணு வாரமா எண்ணிக்கிட்டே இருந்தியா? எண்ணுனா சரியாயிருமா? செவ்வாக்கெழமை கூட்டிட்டு வாடி."

ஜூலை 8, செவ்வாய்

"வாங்க வாப்பா, ஒக்காருங்க. இந்தக் குழாய வாயில வச்சு, மூச்ச நல்லா இழுத்து, ஒரே தம்ல ஊதணும். ஊதுங்க ஊதுங்க ஊதுங்க — விடாதீங்க — இன்னும் இன்னும் இன்னும்!"

யசோ கத்தி முடிந்த பிறகு வாப்பா என் காதில்: "இந்தப் புள்ள பெரஹரா ஊர்வலத்துல யானை வெரட்டுற மாதிரி கத்துது."

அடுத்த பரிசோதனை வேறு விதம். ஏதோ ஒரு வாயுவை மிகச் சிறிதளவு கலந்த காற்றை உள்ளிழுத்து, பத்து எண்ணும் வரை பிடித்து வைத்து, விட வேண்டும். உள்ளே போனதில் எவ்வளவு இரத்தத்தில் சேர்ந்தது என்று இயந்திரம் சொல்லும். முதல் இரண்டு தடவையும் வாப்பாவால் ஆறுக்கு மேல் பிடிக்க முடியவில்லை. மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு பிடித்தார். வெளியே வந்து சுவரைப் பார்த்து நின்றார். "பத்து எண்ணுறது எனத்தொரு நேரம் மகள்? முந்தி ஒரு ஃபலாஹ்வே அதவிட நீளம்."

யசோ என்னைத் தனியே இழுத்தாள். "ஆஸ்மான்னா குழாய் சுருங்கும். ஊதுறப்ப காத்து வெளிய வர லேட்டாகும். இவருக்கு அப்பிடி இல்லடி, டக்குனு வந்துருது. ஆனா உள்ள போறதே கம்மி. போனதும் ரத்தத்துல போய்ச் சேர மாட்டேங்குது. சரிபாதிக்கும் கொறவு. இது வேற என்னமோ."

நெஞ்சுப் பிரிவின் டொக்டர் ஒரு சிங்களப் பெண்மணி. நிதானமானவர். மாவு மில்லில் வேலையா, நெல் களஞ்சியமா, தேயிலைத் தொழிற்சாலையா, சிகரெட்டா, வீட்டில் பறவை வளர்க்கிறீர்களா — சிங்களத்தில் ஒவ்வொன்றாகக் கேட்டார். வாப்பா ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றார். எல்லாம் உண்மை. ஸ்கேனுக்கு ஓகஸ்ட் கடைசியில் திகதி கிடைத்தது.

ஜூலை 10

சாதாரண தரத்தில் படித்தேன்: சிற்றறை. மூச்சுக்குழாயின் கடைசிக் கிளை நுனிகளில் காற்றுப் பைகள், கோடிக்கணக்கில். ஒவ்வொன்றையும் சுற்றி மயிரை விட மெல்லிய இரத்தக் குழாய்கள். நடுவில் ஒரு சுவர். ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் இரத்தம். ஒட்சிசன் உள்ளே, காபனீரொட்சைட்டு வெளியே. யாரும் தள்ளுவதில்லை. கூடிய பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு, தானாக. படம் கீறி அம்புக்குறி போட்டு முழுப் புள்ளியும் வாங்கினேன். வாப்பாவுக்குள் அது இருப்பதாக ஒருபோதும் நினைக்கவில்லை.

அச்சகத்தில் இன்று கார்டுகளுக்குள் பட்டர் பேப்பர் வைத்தோம். மணமக்களின் பெயர் அதன் கீழ் பனிக்குள் தெரிவது போலத் தெரியும். அந்தச் சுவர் இதைவிட எத்தனையோ மடங்கு மெல்லியதாம். வாப்பாவின் சுவர் வீங்கிக்கொண்டிருக்கலாம் என்கிறாள் யசோ. பட்டர் பேப்பர் கார்ட் அட்டையாகிறது.

யசோ இன்னொன்றும் சொன்னாள். காபனீரொட்சைட்டு அந்தச் சுவரை மிக இலேசாகக் கடந்துவிடும். முதலில் தடுமாறுவது ஒட்சிசன்தான்.

போக வேண்டியது போகிறது. வர வேண்டியது வாசலில் நிற்கிறது.

ஏன் வீங்கியது? அதை யாரும் சொல்லவில்லை.

ஜூலை 13

நாவலப்பிட்டியில் என் அக்கா றிஸானா ராத்தாவுக்கு மகன். மூன்று கிலோ. நான் சாச்சி.

ஜூலை 14

வாப்பாவும் உம்மாவும் காலையிலேயே போய்விட்டார்கள். எனக்கு அச்சகத்தில் அவசர ஓடர், இருந்துவிட்டேன். பின்னேரம் வாப்பாவின் அழைப்பு. பிள்ளையின் வலது காதில் அவர்தான் பாங்கு சொன்னாராம்.

"எப்பிடி வாப்பா? மூச்சு?"

"காதுக்குள்ள தானே மகள். மெல்லமாச் சொன்ன. மூச்சு போதுமா ஈந்திச்சு."

சத்தமே தேவைப்படாத பாங்கு. போனை வைத்த பிறகும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 19

ராத்தா போனில்: "வாப்பா இண்டேக்கி பஸ்ஸால எறங்கி எழுபத்தி ரெண்டு படியும் ஏறி வந்தாரு. நடுவுல ஒருக்காத் தான் நிண்டாரு. நீங்க எனத்துக்கு அவர நோயாளி நோயாளி எண்டு செல்ற?"

காய்ச்சல் இல்லை. இருமல் குறைவு.

உம்மா குரல் பின்னாலிருந்து: "நெல்ல மறக்காம ரிஸ்மிட்ட குடுத்தியா?"

கொடுத்தேன்.

ஜூலை 24, வியாழன்

வந்துவிட்டார்கள். அஸர் — பன்னிரண்டு!

இரண்டு தடவை எண்ண முடியாதே, ஆனாலும் நிச்சயம். பன்னிரண்டு.

அஸீமா மாமி: நாவலப்பிட்டிக் குளிர். ஹாஜியார்: பேரன் பிறந்த சந்தோசம். உம்மா: நெல். மூன்று பேரும் மூன்று காரணம் வைத்திருக்கிறார்கள். நான் எதையும் மறுக்கவில்லை. ஊருக்கெல்லாம் பால் தேத்தண்ணி ஊற்றினேன்.

ஜூலை 25

சுபஹுக்குப் பிறகு வாப்பா வர வெகுநேரம் எடுத்தது. "மைக் ரூமப் பாக்க ஏலா. பத்து நாளா ரிஸ்மி தும்புத்தடியத் தொட்டும் பாக்கல்ல. எல்லாத்தையும் கூட்டித் தட்டிட்டு வந்தன்."

அஸர் 16.

ஜூலை 27

20. காய்ச்சல். உதடு.

மூணு நாள். வெறும் மூணு நாள்.

ஜூலை 28, திங்கள்

வாப்பா இன்று வீட்டில் படுத்திருந்தார். மைக் அறையில் கிடக்கும் விரிப்பையும் தலையணை உறையையும் துவைக்க எடுத்து வரச் சொன்னார் உம்மா. நண்பகல் லுஹருக்கு முன்பு, பள்ளியில் யாரும் இல்லாத நேரம் பார்த்துப் போனேன். வெளிப்படியால் ஏறலாம். ரிஸ்மி கதவைத் திறந்துவிட்டுக் கீழே போனான்.

சிறிய அறை. மைக், கட்டில், ஒரு மேசை விசிறி. கட்டிலுக்கு மேலே மினாராவுக்குள் திறக்கும் காற்று வழி. அதற்குள் நாற்பது ஐம்பது புறாக்கள். உறுமல் போல இடைவிடாத சத்தம். விசிறிக் கம்பியில் இறகு.

தலையணை உறை சாம்பல் நிறமாக இருந்தது. உம்மா போட்ட வெள்ளை உறை. உதறினேன். வெயிற் கீற்றுக்குள் தூள் எழுந்தது. மாவை விடச் சன்னம். விழவே இல்லை, மிதந்தது. எனக்கு இருமல் வந்தது.

விரிப்பைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

காய்ந்த எச்சம். அதைத்தான் ஒவ்வொரு நாளும் சுபஹுக்குப் பிறகு கூட்டித் தட்டுகிறார். அதனால்தான் காலையில் பதினான்கு, அஸருக்குப் பதினெட்டு. நாவலப்பிட்டியில் பத்து நாள், பன்னிரண்டு. வந்து கூட்டிய அன்றே பதினாறு. எல்லாம் இந்தக் கொப்பியில் இருக்கிறது. என் கையெழுத்தில். நான்தான் எழுதினேன், நான்தான் பார்க்கவில்லை.

ஓய்வெடுக்கவென்று அதற்குள்ளேயே கட்டில் போட்டுக் கொடுத்தோம். குணமாகவென்று நெல்லை இரண்டு மடங்காக்கினோம். நெல் கூடக் கூடப் புறாவும் கூடியது.

வீட்டில் பறவை வளர்க்கிறீர்களா? இல்லை, டொக்டர். அவர் பொய் சொல்லவில்லை. வீட்டில் இல்லை. அவை பள்ளியின் புறாக்கள்.

ஜூலை 29

யசோ: "அடிப்பாவிங்களா! அம்பது புறாவுக்குக் கீழ படுக்க வச்சிட்டு பம்ப் அடிக்கிறீங்களா? போன வைடி. டொக்டர்ட்ட சொல்லிட்டு எடுக்கிறேன்."

பத்து நிமிடத்தில் எடுத்தாள். வியாழன் வரட்டுமாம். கொப்பியையும் கொண்டு வரட்டுமாம்.

ஜூலை 31, வியாழன்

பெரஹராவுக்கு வீதி அடைப்பு. பஸ் நகரவில்லை, பாதி வழி நடந்தோம். வாப்பா ஆறு இடத்தில் நின்றார். ஒவ்வொரு இடத்திலும் கடையைப் பார்ப்பது போல நின்றார்.

டொக்டர் கொப்பியின் பக்கங்களை மெதுவாகப் புரட்டினார். தமிழ் வாசிக்கத் தெரியாது. எண்களை வாசித்தார். விரலை ஜூலை 24இல் வைத்து, 25க்கு நகர்த்தி, 27க்கு நகர்த்தி, வாப்பாவைப் பார்த்தார். ஸ்கேன் திங்கட்கிழமைக்கு மாறியது.

ஓகஸ்ட் 4

டொக்டர் சொன்னது, எனக்கு விளங்கிய அளவில்: எச்சமும் இறகும் காய்ந்து பொடியாகி, மூக்கிலும் தொண்டையிலும் தங்காத அளவு சன்னமாகி, நேரே சிற்றறைக்குப் போகிறது. எல்லாருக்கும் ஒன்றும் செய்யாது. சிலருடைய உடம்பு மட்டும் அதை எதிரி என்று எடுத்துக்கொண்டு சண்டை பிடிக்கும். சண்டை நடக்கும் இடம் அந்தச் சுவர்; தொடங்கச் சில மணி நேரம் எடுக்கும். வீக்கம் வற்றலாம். வற்றுவதற்குள் தழும்பானால், தழும்பு திரும்பாது.

வாப்பாவுக்குப் பெரும்பாலும் வீக்கம். அடிப்பக்கம் கொஞ்சம் தழும்பு.

கொஞ்சம். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் வீடு வந்தேன்.

மாத்திரை. அந்த அறைக்குள் இனி ஒரு தடவை கூடப் போகக்கூடாது.

வெளியே வந்ததும் வாப்பா கேட்ட ஒரே கேள்வி: "அப்ப பாங்கு?"

ஓகஸ்ட் 5

உம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்து யோசித்து, கடைசியில் அவர் நெல் அளந்துகொண்டிருக்கும்போதே சொல்லிவிட்டேன். மோசமான நேரம். நல்ல நேரம் என்று ஒன்று வரவுமில்லை.

சுண்டு கையிலேயே நின்றது.

"அப்ப நான் தானா?"

"இல்ல உம்மா. யாருக்குத் தெரியும்?"

"நான் தான் ரெண்டு சுண்டு போடச் சொன்ன. அவரு ஒண்டு போதும் எண்டாரு. நான் தான்."

நேர்ச்சை எனக்காக வைத்தது, என் பரீட்சைக்கு — அதைச் சொன்னேன். குற்றத்தில் எனக்கும் பங்கு கேட்கிறவள் போல. உம்மா என்னைப் பார்க்கவில்லை. சுண்டை வாளிக்குள் கவிழ்த்து மூடினார். பிறகு போய் வாப்பாவின் முதுகில் கையை வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். மூச்சு ஏறி இறங்குவதைக் கையால் பார்த்தார்.

வாப்பா: "நீங்க போட்டது நெல்லு தானே. நஞ்சா போட்டீங்க? அழ வாணாம். மூச்சு வாங்கும். ஒரு வீட்டுக்கு ஒரு ஆள் போதும்."

உம்மா சிரித்துவிட்டார். மூக்கைச் சிந்திக்கொண்டே.

ஓகஸ்ட் 8, வெள்ளி

ஜும்ஆவுக்குப் பிறகு நிர்வாகத்தார் எங்கள் முன் அறையில். நான் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம்.

ஒருவர்: புறாக்களை வலை போட்டுப் பிடித்துத் தூர விடலாம். வாப்பாவே மறுத்தார். "பள்ளிய நம்பி வந்த சீவன். குஞ்சும் ஈக்கி. வெரட்ட வாணாம். என்ன மாத்துங்க."

நஸீப் ஹாஜியார் தொண்டையைச் செருமினார். அந்தக் கட்டிலைப் போட்டவர் அவர். இவ்வளவு சின்னக் குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை. "ஹலீம் நானா, நான் ஒங்களுக்கு நல்லதெண்டு தான்..."

"தெரியும் ஹாஜியார். நல்லாத் தூங்கின அங்க."

அப்போது ரிஸ்மி: "மைக்க கீழ கொண்டு வந்தா என்ன?"

கதிரைகள் அவன் பக்கம் திரும்பும் சத்தம்.

"வயர் தானே. பள்ளிக்கு உள்ளயே, முன் ஸஃப் வரிசைப் பக்கத்துல போடலாம். நாளேக்கி லுஹருக்கு முன்னுக்கு முடிச்சித் தாறன். மேல ரூமப் பூட்டிருவோம். புறா மேல ஈக்கட்டும், நாங்க கீழ ஈப்போம்."

இருபத்திரண்டு வருடம். மைக் மேலே இருந்ததால் மைக் மேலேதான் இருக்க வேண்டும் என்று இருந்துவிட்டோம்.

"இத நீ முந்தியே செல்லீந்தா?" என்றார் ஹாஜியார்.

"யாரு கேட்ட?"

ஓகஸ்ட் 10

மைக் கீழே வந்துவிட்டது. ரிஸ்மி சொல்கிறான் ஐந்து வேளையும். வாப்பா முதல் வரிசையில் நின்று கேட்கிறார். டொக்டர் சொல்லும் வரை குரலை உயர்த்தக்கூடாது.

ஓகஸ்ட் 23

மாத்திரையால் முகம் பூசணிக்காயாகிவிட்டது. பசி வேறு. பின்னேரம் மூன்று ரொட்டி தின்று, நான்காவதை யாரும் பார்க்காமல் எடுத்தார். பார்த்தோம். பார்க்காதது போல இருந்தோம்.

விரலில் மாட்டும் கருவியில் ஒட்சிசன் அளவு 93. ஜூலையில் 87.

செப்டெம்பர் 6

அஸீமா மாமி மதிலுக்கு மேலால்: "ரிஸ்மி பாங்கு சொன்னா கட்டுகஸ்தோட்ட பஸ்ஸுக்கு ஆள் ஏத்துற மாதிரி ஈக்கி. ஒங்கட வாப்பா எப்ப?"

வாப்பாவுக்குக் கேட்டிருக்கும். ஜன்னலோரம்தான் இருந்தார்.

உம்மா நெல் வாளியைக் கழுவிக் கவிழ்த்தார். வாரத்துக்கு ஒரு தடவை வயல் ஓரத்தில் கொக்குக்கும் மைனாவுக்கும் போடப் போகிறாராம், வாப்பா இல்லாமல். நான் மறுக்கவில்லை. வெளி. காற்று. போடட்டுமே.

ஒக்டோபர் 7, செவ்வாய்

யசோ கத்தினாள். வாப்பா ஊதினார். பத்து எண்ணும் வரை பிடித்தார், முதல் தடவையே. பிடித்த பின் விரலால் பதினொன்று என்று காட்டினார்.

"ஜோக்கு காட்டாம விடுங்க வாப்பா, மெஷின் காத்துக்கிட்டு இருக்கு!"

சரிபாதிக்கும் குறைவாக இருந்தது மூன்றில் இரண்டாகியிருக்கிறது. மீதி வராதாம். தழும்பு. டொக்டர் அதை மறைக்கவில்லை. பாங்கு சொல்லலாம், இழுத்துப் பிடிக்க வேண்டாம், மூச்சு தேவைப்பட்ட இடத்தில் எடுங்கள் என்றார்.

நான் சந்தோசத்தில் பஸ்ஸில் பேசிக்கொண்டே வந்தேன். எங்கள் ஊர் மடவளை வரும் வரை வாப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்திருந்தார். இறங்கிய பிறகு: "எடுக்கச் சொன்ன எடத்துல மூச்செடுத்தா அது பாங்கா மகள்? வெட்டு வெட்டா விழும். இருவத்திரண்டு வருசம் ஒரு வெட்டு விழாமச் சொன்ன ஆள் நான். ரிஸ்மியே சொல்லட்டும்."

எனக்குக் கோபம் வந்தது. தழும்பு நெஞ்சில் மட்டும் இல்லை போலிருக்கிறது. சொல்லவில்லை. எழுதுகிறேன்.

ஒக்டோபர் 9

வாப்பா அஸருக்கு வழமையை விட முந்திப் பள்ளிக்குப் போகிறார். கடைசியாக வருகிறார். எழுத வேறொன்றும் இல்லை.

ஒக்டோபர் 12, ஞாயிறு

அஸர் நேரத்துக்குப் பாங்கு வரவில்லை.

உம்மாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். ஒரு நிமிடம். இரண்டு. தூரத்துப் பள்ளிகளில் சொல்லி முடித்துவிட்டார்கள். ரிஸ்மி அக்குரணையில் ஒரு வீட்டு வேலைக்குப் போயிருந்தான், மோட்டார் சைக்கிள் டயர் போய்விட்டது — இது பிறகு தெரிந்தது. அப்போது தெரிந்தது அமைதி மட்டும்.

ஒலிபெருக்கி 'டக்' என்றது. யாரோ மைக்கைத் தட்டினார்கள். ஒரு இருமல்.

அந்த இருமல் எனக்குத் தெரியும்.

முன்பு போல இல்லை. தணிந்த குரல். நீட்டல் குறைவு. 'ஹய்ய அலல்' — நின்றார். ஊர் முழுக்கக் கேட்கும்படி, மைக்கிலேயே, ஒளிக்காமல் ஒரு மூச்சை இழுத்தார். பிறகு 'ஃபலாஹ்'. அவசரப்படவில்லை. அடுத்ததிலும் அதே இடத்தில் நின்றார், அங்கே நிற்பதுதான் முறை என்பது போல. உம்மா ஒவ்வொரு வரிக்கும் உதட்டுக்குள் பதில் சொன்னார். கண் நிறைந்திருந்தது, துடைக்கவில்லை.

முடிந்தது. மதிலுக்கு அப்பால் அஸீமா மாமி கத்தினார்: "ருஷ்தா! ஒங்கட வாப்பா! அழுறாரா?"

"இல்ல மாமி. மூச்செடுக்கிறாரு."

"எடுக்கட்டும் எடுக்கட்டும்!"

எத்தனை மூச்சு என்று உம்மா கேட்டார். தெரியாது என்றேன். உண்மையில் தெரியவில்லை.

மழை இருட்டிக்கொண்டு வந்தது. கொடியில் கிடந்த துணிகளை எடுத்து மடித்து வைத்தேன். கைகால் கழுவி வுழூ செய்து, உம்மாவுக்குப் பக்கத்தில் நின்று அஸர் தொழுதேன்.